தலைதீபாவளிக்கு வீங்கிய பெருவிரல்

தலைதீபாவளிக்கு மாமனார் வீட்டுக்குப் போகிற மருமகன் புது வேட்டி துண்டோடு திரும்புவான். நான் கூட்டிப்போன பெண்டாட்டியையே விட்டுவிட்டுத் திரும்பப் பார்த்தேன். ஒரு கால்விரல் செய்த வேலை அது.

கொட்டாம்பட்டிப் பக்கம் என் மாமனாருக்கு நல்ல நிலபுலன். மதுரையில் வக்கீல் குமாஸ்தாவாக இருந்த எனக்கு முப்பதைத் தாண்டித்தான் கல்யாணம் ஆனது. பண்டிகைக்கு முன்னதாகவே போய் இறங்கியதும் பங்காளி வீடுகள் முறை வைத்து விருந்துக்கு இழுத்தன. ஆடு அறுத்தால் ஈரல், சுவரொட்டி என்கிற மண்ணீரல், குண்டிக்காய் என்கிற சிறுநீரகம், மூளை எல்லாம் மாப்பிள்ளை இலைக்குத்தான். மற்றவர்களுக்கு வெறும் கறி. வேண்டாம் என்றால் அந்த வீட்டை அவமதித்ததாக ஆகிவிடும். சாயங்காலம் சூட்டைத் தணிக்கக் கள் வேறு. நானும் வஞ்சகமில்லாமல் சாப்பிட்டேன்.

தீபாவளி விடியலில் எண்ணெய் தேய்க்கக் கூப்பிட்டார்கள். எழுந்து வலது காலை ஊன்றினேன். அம்மாடி! என் தொண்டையிலிருந்து அப்படி ஒரு சத்தம் வரும் என்று எனக்கே தெரியாது. பெருவிரலின் அடிமூட்டு மிளகாய்ப்பழமாகச் சிவந்து, பளபளவென்று வீங்கியிருந்தது. வேட்டி நுனி பட்டாலும் உயிர் போனது. அடிபடவில்லை, முள் குத்தவில்லை, படுக்கும்போது நன்றாகத்தான் இருந்தேன். ஒன்றும் விளங்காமல் திகைத்துப்போனேன்.

"வாதமா இருக்கும். ஆட்டுக்கால் சூப்பு குடிச்சா காலு தன்னால நிக்கும்," என்றார் மாமியார். கால் வலிக்கு ஆட்டுக்கால்தான் மருந்து என்பதில் அங்கே யாருக்கும் சந்தேகமில்லை. வேளை தவறாமல் சூப்பு வந்தது, தொட்டுக்கொள்ள ஈரலும் வந்தது. மறுநாள் கணுக்காலும் சேர்ந்து வீங்கியது.

மாமனார் நிலைப்படியில் நின்று என் காலையே பார்த்தார். பிறகு அடுப்படியில் அவர் பேசியது எனக்குத் தெளிவாகக் கேட்டது.

"பெருவியாதி வெரல்லதான் ஆரம்பிக்குமாம். மறைச்சுக் கட்டி வச்சிட்டாய்ங்க. மக இனி அங்க போகவேணாம்."

எனக்குக் குஷ்டம் என்று முடிவே கட்டிவிட்டார். நேற்றுவரை என் இலையில் அள்ளி வைத்த மனிதர்! தாலிக்கயிற்றின் மஞ்சள்கூட மங்காத கல்யாணம்! என் மனைவி என்ன சொல்லப்போகிறாள் என்று காதைத் தீட்டிக்கொண்டேன்.

"மதுரைல பெரிய டாக்டர்ட்ட காட்டிட்டு அப்பறம் சொல்லுங்கப்பா," என்றாள். அந்தப் பேச்சில்தான் அன்று என் குடும்பம் தொங்கியது.

பஸ்ஸில் மதுரைக்குக் கூட்டி வந்தார்கள். வண்டி பள்ளத்தில் விழுந்த போதெல்லாம் அந்தச் சாலையைப் போட்டவனை வாய்விட்டுத் திட்டினேன். மாமனார் என் பக்கத்தில் உட்காரவே இல்லை.

டாக்டர் என் விரலைக் குனிந்து பார்த்துவிட்டு, ஒரு வாரமாக என்ன சாப்பிட்டேன் என்று கேட்டார். மாமனார் முந்திக்கொண்டு, பெருமையோடு வரிசையாகச் சொன்னார். டாக்டர் தலையில் அடித்துக்கொண்டார்.

"பெருவியாதின்னா மரத்துப்போகுமய்யா, இப்படி அலறமாட்டார். இது கவுட். ரத்தத்துல ஒரு உப்பு மிஞ்சிப்போய் மூட்டுல படியுது. ஈரல், குண்டிக்காய், கள்ளு அம்புட்டும் அதைக் கூட்டத்தான் செய்யும். நீங்க குடுத்த சூப்பு, எரியிற நெருப்புல எண்ணெய் ஊத்துன கதை."

மருந்து எழுதினார். வயிற்றைக் கலக்கினால் உடனே வந்து சொல்லச் சொன்னார். தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும், விருந்தும் ஆகாது, பட்டினியும் ஆகாது. திரும்ப வரும், வாயைக் கட்டினால் சமாளிக்கலாம் என்றார். மாமியார் ஊட்டிய மருந்துதான் வியாதிக்குத் தீனி போட்டது என்பதை நம்பவே எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

மாமனாருக்கு இன்னும் சமாதானமாகவில்லை. "இது ஒட்டாதுல்ல? புள்ளைகளுக்கு வந்துராதுல்ல?" என்று கையை நீட்டி நீட்டிக் கேட்டார். டாக்டர் அந்தக் கையைச் சட்டென்று பிடித்தார். விரல் மூட்டுகளில் சுண்டைக்காய் அளவில் முடிச்சுகள். காது மடலையும் தடவிப் பார்த்தார்.

"கால்விரல் இப்படி உங்களுக்கு வீங்கினதுண்டா?"

"அது... அப்பப்ப வரும். உழவுல முள்ளு குத்துனது..."

"முள்ளு இல்லய்யா. இதே வியாதிதான். மாப்பிள்ளையைவிட உங்களுக்கு முத்திப்போச்சு."

எனக்கு வலிகூட மறந்துபோனது. மாமனாரின் முகத்தில் ஈயாடவில்லை. அதுவரை மூலையில் நின்றிருந்த என் மனைவி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு முன்னால் வந்தாள்.

"அப்ப அம்மாவயும் அவுக பொறந்த வீட்டுக்கு அனுப்பிரலாமாப்பா?"

மாமனார் என் கையை எடுத்துத் தன் தோளில் போட்டுக்கொண்டு தெருவுக்கு வந்தார். ஜட்கா வண்டி பிடித்து, எங்கள் இருவரையும் ஏற்றி, எங்கள் வீட்டுக்கு விடச் சொன்னார்.