துணிக்குப் போட்ட கில்லர்

வேலம்பாளையம் பனியன் கம்பெனியில் செக்கிங் மேசை என்றால் சித்ரகலா அக்காதான். பின்னும் ஊசி பழுதானால் துணியில் முடி போல ஓடும் கோடுகளை ஒரே பார்வையில் தொட்டுக் காட்டிவிடுவார். இத்தனைக்கும் கண்ணாடியைக் கழற்றினால் எதிரே நிற்பவர் முகம் தெரியாது. கண்ணாடி போட்டாலும் மெல்லிய கோடு தெரியாது; கண்ணுக்குள் வைக்கும் லென்ஸ் போட்ட பிறகுதான் அந்த மேசையே கிடைத்தது.

"இது இல்லீன்னா நானு நூல் வெட்டத்தாங்க ஆவேன்" என்று சிரிப்பார்.

ஒருநாள், லென்ஸை ராத்திரி ஊறப்போடும் வழக்கமான தண்ணீர் கடையில் இல்லை. வேறொரு பாட்டில் கொடுத்தார்கள். கூடவே உயரமான டப்பா, அதன் அடியில் சின்ன வளையம். சாயப்பட்டறையில் துணி வெளுக்கும் கணவர் சண்முகவேல் பாட்டிலைத் திருப்பிப் படித்தார்.

"பெராக்சைடாமா. எங்க பட்டறையில அம்பது பர்சன்ட்டு. இது மூணு. பச்சத்தண்ணி."

"அப்பறம் டப்பா எதுக்குங்க இத்தாப் பெருசு?"

"வெலய ஏத்தத்தான். உன்ற பழைய டப்பாவுலயே போடு."

அக்கா புது டப்பாவைக் குப்பையில் போட்டார். மறுநாள் காலை லென்ஸை அதே தண்ணீரில் அலசி வலது கண்ணில் வைத்ததும், மிளகாய்ப்பொடியை அப்பியது போல இருந்ததாம். இமை இறுகி, லென்ஸ் உள்ளேயே மாட்டிக்கொண்டது. ஷிப்மென்ட் நாள் வேறு. பழைய கண்ணாடியை மாட்டி, வலது கண்ணைக் கசக்கிக்கொண்டே வேலைக்குப் போனார். சாயங்காலம்தான் லென்ஸ் வெளியே வந்தது. அப்புறமும் சில நாள் வீட்டிலிருந்த பழைய சொட்டுமருந்தையே ஊற்றிக்கொண்டிருந்தார்.

ஆஸ்பத்திரிக்குப் போனபோது கருவிழியில் புண், அதில் சீழ்.

"உடனே லென்ஸை எடுத்துட்டு நல்ல தண்ணியில ரொம்ப நேரம் கழுவியிருக்கணும்மா. இனிப் புண் ஆறினாலும் தழும்பு நிக்கும்" என்றார் டாக்டர். "கூடக் குடுத்த டப்பா எங்க? அந்த வளையம்தான் பெராக்சைடைச் சாகடிக்கும். அதுல ஆறு மணி நேரம் ஊறினாத்தான் கண்ணுல வைக்கலாம்."

சண்முகவேலுக்கு அப்போதுதான் உறைத்தது. வெளுத்த துணியில் பெராக்சைடு மிச்சமிருந்தால் சாயம் பிடிக்காது. அதைக் கொல்ல ஊற்றும் மருந்துக்குப் பட்டறையில் பெயரே கில்லர்.

"கில்லர் ஊத்தாம ஒரு துணியக்கூட நானு சாயத்துக்கு உட்டதில்லீங்க" என்றார்.

இப்போது அக்கா நூல் வெட்டும் வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். நல்ல கண்ணிலும் லென்ஸ் வைக்க அவருக்குக் கை வரவில்லை. போன வாரம், செக்கிங்குக்குப் புதிதாய் வந்த மதுமதி ஒரு துணியைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள்.

"அக்கா, இது கோடுங்களா, மடிப்புங்களா?"

அக்கா துணியை விளக்கடியில் பிடித்து, மேலும் கீழும் திருப்பினார். விரலால் தடவிப் பார்த்தார். பிறகு மடித்து அவள் கையிலேயே கொடுத்தார்.

"வேற ஆருகிட்டயாச்சும் கேளு கண்ணு."