ஒயரை மாற்றிப் பிடித்தபோது

என் அக்காவைக் கொல்லப் பார்த்தது நான்தான். சுற்றி வளைத்துச் சொல்ல எனக்கு வராது.

எண்பதுகளின் கடைசி. தாம்பரம் பக்கம் வீடுகளுக்கு ஒயரிங் செய்துகொண்டிருந்தேன். சேலையூரில் அக்கா வீட்டுக் கிணற்று மோட்டாருக்கு எர்த் குழி வெட்டி, செம்புத் தகடு புதைத்து, உப்பும் கரியும் கொட்டி மூடியது நான். அளந்ததும் நான். மல்டிமீட்டரின் சிவப்பு ஒயரைக் குழிக் கம்பியிலும், கறுப்பு ஒயரை வாசலில் இருந்த அடிபம்பின் குழாயிலும் வைத்தேன். ஏழு ஓம். தடை அவ்வளவு குறைவாக இருந்தால், மோட்டார் பாடியில் கரண்ட் ஏறினாலும் மொத்தமாக மண்ணுக்குள் பாயும், உடனே ஃப்யூஸ் போய்விடும். பயமில்லாமல் தொடு என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ஒரு நாள் காலை மோட்டாருக்குள் கம்பிச்சுற்று தீய்ந்து பாடியில் கரண்ட் ஏறியது. ஃப்யூஸ் போகவில்லை. ஈரக் கையோடு தொட்ட அக்காவை மோட்டார் பிடித்துக்கொண்டது. மாமா ஓடிப்போய் மெயினை அணைத்ததால் பிழைத்தாள். நான் போனபோது விரல்கள் வெந்து, கட்டுப் போட்டு உட்கார்ந்திருந்தாள்.

"ஏழு கீது, ஏழு கீதுன்னியேடா. இன்னாடா ஏழு அது?"



மறுநாள் மின்சார அலுவலகத்திலிருந்து ஒரு பெண் இன்ஜினியர் வந்தார். என்னைவிடப் பத்து வயது சின்னவர். கையால் சுற்றுகிற எர்த் டெஸ்டரைக் கொண்டுவந்து, மண்ணில் இரண்டு கம்பிகளை அடித்து, கைப்பிடியைச் சுற்றினார். இருபத்து நாலு.

"உங்க பெட்டி ரிப்பேர் மேடம்" என்றேன்.

"அப்படியா சார்? உங்க மீட்டரை வைங்க பார்ப்போம்."

வைத்தேன். ஏழு. பார்த்தீர்களா என்பதுபோல நிமிர்ந்தேன்.

"இப்ப ஒயரை மாத்திப் பிடிங்க."

கறுப்பு குழிக்கு, சிவப்பு குழாய்க்கு. ஊசி நூறைத் தாண்டி நின்றது.

"அதே மண்ணு தானே சார்? ஏழா, நூறா? நீங்களே சொல்லுங்க."

ஈர மண்ணில் செம்பும் துத்தநாகம் பூசிய குழாயும் இருந்தால் அவையே ஒரு பேட்டரி. மீட்டருக்குள் இருக்கும் பேட்டரி கரண்டை ஒரே திசையில்தான் அனுப்பும். நான் பிடித்த பக்கத்தில் இரண்டு பேட்டரியும் சேர்ந்து ஊசியைத் தள்ளி, தடையைக் குறைத்துக் காட்டியிருக்கின்றன. அந்தம்மாவின் டெஸ்டர் கரண்டை இப்படியும் அப்படியும் மாற்றி மாற்றி அனுப்பும். மண்ணின் பேட்டரி ஒரு திசையில் கூட்டுவது மறு திசையில் கழிந்துவிடும். அதனால் அதன் கணக்கு சரி. இருபத்து நாலு ஓமில் பத்து ஆம்பியர்கூட ஓடாது. பதினைந்து ஆம்பியர் ஃப்யூஸ் எதற்குப் போகப்போகிறது?

எட்டு வருடம் இப்படித்தான் அளந்தேன். சிவப்பு குழிக்கு, கறுப்பு குழாய்க்கு. ஒரு முறைகூட மாற்றிப் பிடிக்கத் தோன்றவில்லை. முட்டாள்தனத்துக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்?

அந்தம்மாவிடமே கெஞ்சி டெஸ்டரை வாங்கிக்கொண்டு, நான் குழி போட்ட வீடுகளை மறுபடி அளக்க சைக்கிளில் கிளம்பினேன். முதல் வீடு மாடம்பாக்கத்தில். வீட்டுக்காரர் வயலை மனை போட்டு விற்று வீடு கட்டியவர். அவர் வீட்டுக் குழி நாற்பது காட்டியது.

"தப்பா அளந்துட்டேன் அண்ணே. எங்க அக்காவுக்கு ஷாக் அடிச்சிடுச்சு. வேற குழி வெட்டணும்."

"இன்னாபா, நீதானே சூப்பரா கீதுன்ன? அஞ்சு வருசமா ஓடிகினு கீது, ஒரு ஷாக்கு இல்ல. எவ வூட்லயோ ஷாக் அடிச்சா இங்க வந்து பேஜார் பண்றியா?"

அவர் மருமகள் ஈரக் கையோடு மோட்டார் பக்கத்தில் குடம் கழுவிக்கொண்டிருந்தாள். மோட்டாரின் ஃப்யூஸ் கட்டையைப் பிடுங்கிப் பையில் போட்டேன்.

"டேய், கட்டைய வச்சிட்டுப் போடா! போலீஸ்ல சொல்லுவேன்!"

"சொல்லுங்க அண்ணே. முதல்ல குழி வெட்டுங்க."

சாயங்காலத்துக்குள் என் பையில் நாலு கட்டைகள். இரண்டு வீட்டில் அடிக்கவே வந்தார்கள். அடுத்த வாரம் முழுக்க அலைந்தேன். ஆனால் சில வீடுகள் எந்தத் தெருவில் என்றே நினைவுக்கு வரவில்லை. நான் எங்கும் எழுதி வைத்ததில்லை. அந்தக் கிணற்றடிகளில் யார் ஈரக் கையை வைத்தார்கள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.