நாயின் நெற்றியில் திருநீறு

இரண்டாயிரத்து ஐந்தோ ஆறோ, சரியாக நினைவில்லை. மே மாதத்து ஒரு சனிக்கிழமை என்பது மட்டும் நன்றாக நினைவிருக்கிறது. லண்டனில் மிச்சம் என்கிற பகுதியில் நாங்கள் வீடு வாங்கிக் குடிவந்து நாலைந்து வருடம் ஆகியிருந்த காலம்.

எங்கள் வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுவில் ஒரே ஒரு சுவர்தான். அந்தப் பக்கம் ஒரு வெள்ளைக்கார அம்மா தனியாக இருந்தார். எழுபது தாண்டியவர், கல்யாணம் செய்யாதவர். நான் வேலையால் வரப் பிந்தினால் என் இரண்டு பிள்ளைகளையும் பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டிவந்து, பாணும் பீன்ஸும் கொடுத்து வைத்திருப்பார். அதற்கு நன்றி சொன்னால் முகத்தைச் சுளிப்பார். எனக்கு அவரைப் பிடித்துப் போனதே அதனால்தான்.

அவரிடம் ஒரு பெட்டை நாய் இருந்தது. மண்ணிறம், உடம்பெல்லாம் சுருள் சுருளாக முடி. பழைய கம்பளிச் சட்டை ஒன்று நாலு காலில் நடந்து வருவது போல இருக்கும். இத்தாலியில் காட்டு மண்ணுக்குள் விளையும் ஏதோ விலைகூடிய காளானை மோப்பம் பிடித்துத் தோண்டுகிற சாதியாம். அதன் பெயரை இன்றைக்கும் என் நாக்கு ஒழுங்காகச் சொல்லாது. தாய் நாயை அந்த அம்மாவே இத்தாலிக்குப் போய்க் கொண்டுவந்தார். இந்தக் குட்டி இங்கே அவருடைய குசினி அடுப்புக்குப் பக்கத்தில் பிறந்தது. மாலை ஆறு மணிச் செய்தி தொடங்கி மூன்றாவது நிமிடம் பிறந்தது என்று எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார்.

என் கணவருக்கு நாய் என்றாலே ஆகாது. கெட்ட மனுசர் இல்லை, சுத்தபத்தம் பார்க்கிறவர். சனிக்கிழமை காலையில் விம்பிள்டன் பிள்ளையார் கோயிலுக்குப் புறப்படும்போது அது காலில் உரசிவிட்டால் திரும்பவும் குளித்துவிட்டுத்தான் போவார். "இஞ்சாரும், உந்தச் சாமானை வாசலுக்கு வெளியில நிப்பாட்டும்" என்பார். சாமான்! உயிருள்ள பிராணியைப் பார்த்துச் சொல்கிற சொல்லா அது?

வேறு நாட்டிலிருந்து வந்த நாய்ச் சாதி இங்கே சும்மா ஒரு சாதியாகிவிடாது என்பதே அந்த அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும். முதலில் 'இறக்குமதி' என்று தனியாகப் பதிவார்கள். பிறகு காது எப்படி, வால் எப்படி, குணம் எப்படி இருக்க வேண்டும் என்று தற்காலிகமாக ஒரு விவரணம் எழுதுவார்கள். கண்காட்சிக்குப் போனால், அப்படியே வந்து சேர்ந்த வேறு சாதிகளோடு ஒரே கலவைக் கூட்டத்தில் நிற்க வேண்டியதுதான். நாய்கள் பெருக வேண்டும், ஒரே இரத்தமாகவும் இருக்கக்கூடாது. நடுவர்கள் கண்ணால் பார்த்து, கையால் தடவிப் பழக வேண்டும். இதெல்லாம் தாண்டித்தான் முழு அங்கீகாரம். இதை ஒருநாள் சாப்பாட்டு மேசையில் என் கணவருக்கு விளங்கப்படுத்தினேன்.

"எங்களுக்கு விசா தர எத்தினை வருசம் எடுத்தவங்கள்? நாய்க்கு மட்டும் என்ன அவசரம்?" என்றுவிட்டு ரசத்தை ஊற்றினார்.

அந்த வருடம் குரோய்டன் பக்கத்தில் ஒரு நாய்க் கண்காட்சியை நடத்துகிறவர்கள், முதல் தடவையாக அந்தச் சாதிக்கு அதன் சொந்தப் பெயரிலேயே ஒரு வகுப்பு, அதாவது தனிப் போட்டி, வைக்கச் சம்மதித்திருந்தார்கள். ஒரே ஒரு நிபந்தனை: குறைந்தது மூன்று நாயாவது நடுவர் முன்னால் நிற்க வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த வருடம் பழையபடி கலவைக் கூட்டம்தான். வரக்கூடியதாக இருந்ததே மூன்று நாய்கள்தான், அதில் ஒன்று எங்கள் பக்கத்து வீட்டுச் சுருள்முடிக்காரி. அந்த அம்மா சின்னப்பிள்ளை மாதிரிக் குதித்துத் திரிந்தார். நாள் நெருங்கி வரும்போது தோட்டத்துப் படியில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார்.

ஆஸ்பத்திரியில் நோவோடு கிடந்தவர் என் கையைப் பிடித்துக் கேட்டது தன் இடுப்பைப் பற்றி அல்ல. நாயை நீ கூட்டிக்கொண்டு போவாயா என்றுதான். அவருக்கு முழங்கால் நோவு தொடங்கியதிலிருந்து அதை நடத்திக்கொண்டு திரிந்தது நான். வேறு யார் கயிற்றைப் பிடித்தாலும் அந்தக் கள்ளி அசையமாட்டாள். ஓம் என்று சொல்லிவிட்டேன்.

கண்காட்சி அன்று காலை என் கணவர் கோயிலுக்குப் போய் வந்துதான் காரை எடுத்தார். பின்சீற்றில் ஒன்றுக்கு மேல் ஒன்றாகப் பழைய பெட்ஷீற் விரித்து, கண்ணாடிகளை எல்லாம் இறக்கிவிட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓட்டினார். போய்ச் சேர்ந்தால் மைதானம் முழுக்க நாய்கள். சீப்பும் தூரிகையுமாகச் சனங்கள். நாயின் முடியில் பவுடர், மா, சாயம் எதுவும் இருக்கக்கூடாது, கண்டால் வெளியே அனுப்பிவிடுவார்கள் என்று அந்த அம்மா எனக்குப் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். வெள்ளை நாயை இன்னும் வெள்ளையாகக் காட்டச் சிலர் பூசுவார்களாம். எங்களுடையது மண்ணிறம், அதற்கு யார் என்ன பூசப்போகிறார்கள் என்று நான் அதை இவருக்குச் சொல்லவில்லை. முகம் கழுவிவிட்டு வரும்வரை கயிற்றை இவரிடம் கொடுத்தேன். இரண்டு விரலால் பிடித்துக்கொண்டார்.

திரும்பி வந்ததும் எங்களைக் கூப்பிட்டுவிட்டார்கள். ஓட்டமும் நடையுமாக, கயிறு கட்டி வளைத்த இடத்துக்குள்ளே போனோம். ஒலிபெருக்கியில் அந்தச் சாதியின் பெயர், கலப்பில்லாமல், தனியாக ஒலித்தது. எனக்கு மேலெல்லாம் புல்லரித்தது. மனுசி இதைக் கேட்கக் கொடுத்து வைக்கவில்லையே என்று நினைத்துக்கொண்டேன்.

நடுவர் ஓர் உயரமான பெண். முதலில் எங்களிடம்தான் வந்தார். குனிந்து நாயின் தலையைப் பிடித்து, நெற்றிச் சுருளை விரலால் விலக்கினார். கையை எடுத்தபோது விரல் வெள்ளையாக இருந்தது. இது என்ன என்று என்னைக் கேட்டார்.

நான் வளைத்துக் கட்டிய கயிற்றுக்கு வெளியே நின்ற என் கணவரைப் பார்த்தேன். அவர் இரண்டு கையையும் நெஞ்சுக்கு நேரே கூப்பியபடி, கண்ணை மூடி நின்றார். விளங்கிவிட்டது. எங்கள் வீட்டில் சோதனை எழுதப் போகிற பிள்ளைக்கும் பூசுவோம், புதுக் காருக்கும் பூசுவோம். பாவி மனுசன் நாய்க்கும் பூசிவிட்டார்.

எனக்குத் தெரிந்த இங்கிலீஷில், அது சாம்பல், எங்கள் கோயிலில் தந்தது, அலங்காரம் இல்லை, என் கணவர் நல்லது நினைத்துச் செய்துவிட்டார் என்று சொல்லத் தொடங்கினேன். பாதியிலேயே அழுகை வந்துவிட்டது. இந்த நாயை வெளியே அனுப்பினால் மிச்சம் இரண்டு. வகுப்பு போய்விடும். ஆஸ்பத்திரியில் கிடக்கிற மனுசிக்கு நான் என்ன முகத்தோடு சொல்வேன்? மற்ற இரண்டு நாய்க்காரர்களும் நிலத்தைப் பார்த்தார்கள். அதில் ஒருவர் மட்டும், தனக்கு ஆட்சேபணை ஒன்றுமில்லை என்று மெதுவாகச் சொன்னார்.

நடுவர் தன் விரலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு எல்லாருக்கும் கேட்கும்படி, இந்த நாயை நான் இன்னும் பார்க்கத் தொடங்கவில்லை, மற்ற இரண்டையும் முதலில் பார்க்கிறேன், அதற்குள் தலையில் பட்ட தூசியைத் துடைத்துக்கொண்டு வாருங்கள் என்றார். தூசி என்றுதான் சொன்னார். அந்தப் பெண் எங்கே இருந்தாலும் நல்லாயிருக்க வேண்டும்.

ஓடினேன். "இஞ்சாருங்கோ, என்ன வேலை பாத்தீங்கள்! பவுடர் இருந்தால் வெளியில போடுவாங்கள்!"

"பவுடரோ? அது திருநீறு."

"அவங்களுக்கு எல்லாம் ஒண்டுதான். துடைக்க விடுங்கோ!" என்று பையிலிருந்து ரிஷ்யூத் தாளை எடுத்தேன்.

என் கையைத் தடுத்தார். "நில்லும். கண்ட இடத்தில கொட்டக்கூடாது."

அயர்ன் பண்ணின காற்சட்டையோடு ஈரப் புல்லில் முழங்கால் ஊன்றினார். நாயின் முகத்தை ஒரு கையால் ஏந்தி, மற்றக் கையின் பெருவிரலால் சுருளுக்குள் இருந்த திருநீற்றை வழித்துத் தன் நெற்றியில் பூசினார். திரும்ப வழித்தார், திரும்பப் பூசினார். சட்டை நுனியை நனைத்து மிச்சத்தையும் ஒற்றி எடுத்தார். அது அவருடைய தாடையை நக்கியது. முகத்தை எடுக்கவில்லை. "பொறு பிள்ளை, பொறு, முடிஞ்சுது" என்றார்.

என் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. அப்படியே கட்டிப்பிடிக்கலாம் போல இருந்தது. இத்தனை சனம் பார்க்குமே என்று விட்டுவிட்டேன்.

நடுவர் திரும்ப வந்து தலையைத் தடவினார். விரலில் ஒன்றுமில்லை. பல்லைப் பார்த்தார், நடக்கச் சொன்னார், நாங்கள் நடந்தோம். மூன்று நாயில் மூன்றாவதாக வந்தோம். என் கணவர் கைதட்டிய தட்டுக்கு முதலாவதாக வந்தவர்களே திரும்பிப் பார்த்தார்கள். அடுத்த வருடமும் இந்த வகுப்பு உண்டு என்று அங்கேயே சொல்லிவிட்டார்கள்.

நேரே ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டோம். வழியில் இவர் தொண்டையைச் செருமினார். "காலமை ஒரு அர்ச்சனையும் செய்தனான்" என்றார்.

"ஆருக்கு?"

"உதுக்குத்தான். பிறந்த நாளும் நேரமும் நீர்தானே சொல்லிக்கொண்டு திரிஞ்சனீர். பஞ்சாங்கம் பாத்தன். உத்தரட்டாதி. ஆர் உந்தப் பிள்ளை எண்டு ஐயர் கேட்டார். பக்கத்து வீட்டுப் பிள்ளை எண்டன். பொய்யில்லைத்தானே?"

ஆஸ்பத்திரியில் அந்த அம்மா முதலில் கேட்டது, பெயரைத் தனியாகச் சொன்னார்களா என்று. ஓம் என்றேன். கண்ணை மூடிக்கொண்டார். பிறகு திருநீற்றுக் கதை முழுவதையும் சொன்னேன். இடுப்பைப் பிடித்துக்கொண்டு, நோகுது நோகுது என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார். அர்ச்சனைக் கதையைச் சொன்னதும் சிரிப்பு நின்றுவிட்டது. நட்சத்திரம் என்றால் என்ன என்று கேட்டார். பிறந்த நேரத்தை வைத்துப் பார்ப்பது என்றேன்.

"அவவின்ர நாளையும் நேரத்தையும் கேளும். இடுப்புக்கு ஒண்டு செய்வம்" என்றார் இவர்.

கேட்டேன். நாளைச் சட்டென்று சொன்னார். நேரம் கேட்டதற்கு, அதைத் தெரிந்தவர்கள் யாரும் இப்போது உயிரோடு இல்லை என்றார். தன் நாய் பிறந்த நேரத்தை நிமிடத்தோடு சொல்கிற மனுசி! இவருக்குத் தமிழில் சொன்னேன்.

இவர் நெற்றியைத் தடவினார். "நேரம் இல்லாட்டி என்ன? எங்கட வீட்டுக்குச் செய்யேக்கை நாலு பேர் சொல்லுறம். அஞ்சாவதா அவவின்ர பேரையும் சொன்னால் சரிதானே."

அதை ஒருவழியாக இங்கிலீஷில் சொல்லி முடித்தேன். அந்த அம்மா போர்வை நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அப்படியானால் நாய் ஆறாவதா என்று கேட்டார். என் கணவர் கொஞ்சம் யோசித்துவிட்டுத் தலையாட்டினார்.

அந்த நாய்ச் சாதிக்கு முழு அங்கீகாரம் வர இன்னும் எத்தனையோ வருடம் எடுத்தது, அதைக் காண அந்த அம்மா இருக்கவில்லை. ஆனால் அவர் இருந்தவரை, எங்கள் வீட்டு அர்ச்சனையில் ஓர் ஆங்கிலப் பெயரும் ஓர் இத்தாலிப் பெயரும் ஒரு சனிக்கிழமைகூடத் தவறியதில்லை. ஒருவரை எங்கள் ஆள் என்று சேர்த்துக்கொள்ள அவர் பேரைச் சொன்னால் போதும், வேறு எதையும் பார்த்திருக்கத் தேவையில்லை என்பதை, லேசில் மனம் இளகாத என் கணவரிடம்தான் நான் படித்தேன்.