ஆஃப் வைத்து ஆடிய ஆட்டம்

அப்பாவுக்குத் தெரிந்த சீட்டு ரம்மிதான். அதையும் எப்போதாவது கல்யாண வீட்டில் ஆடுவார். எங்கள் பிளாக்கில் போக்கர் நுழைந்தது போன வருஷம். எதிர் குவார்ட்டர்ஸ்காரரின் மகன் பெங்களூரிலிருந்து லீவுக்கு வந்தபோது கற்றுக்கொடுத்துவிட்டுப் போனான். அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நிலக்கரி மைன்ஸில் அப்பாவோடு வேலை பார்க்கிறவர்கள் ஐந்தாறு பேர் எங்கள் முன்னறையில் கூடிவிடுவார்கள். பந்தயம் பண்ருட்டி முந்திரி. ஜெயித்தவர் அள்ளித் தின்னலாம், அவ்வளவுதான்.

அப்பா ஜெயித்துக்கொண்டே இருந்தார். முந்திரிதானே என்று மற்றவர்கள் கையில் ஒன்றும் இல்லாமலே கடைசிவரை வந்து தோற்பார்கள். அப்பா அதைத் தன் கெட்டிக்காரத்தனம் என்று நம்பிவிட்டார். ஒவ்வொரு ஆட்டத்தையும் அம்மாவிடம் விளக்குவார். அம்மா முந்திரியை மட்டும் வாங்கி உப்புமாவில் போட்டுவிடுவாள்.

அடுத்த தெருவில் இன்னொரு கூட்டம் ஆடியது. அங்கே பந்தயம் வார ஆஃப். தோற்றவர் தன் ஆஃப் நாளில், ஜெயித்தவருக்குப் பதிலாக ஷிப்ட் போக வேண்டும். அங்கே ஆடுகிறவர்கள் நல்ல சீட்டு வராவிட்டால் வாயைத் திறக்காமல் கவிழ்த்துவிட்டு ஒதுங்கிக்கொள்வார்கள்.

நான் நர்ஸ் வேலைக்கு ஜெர்மனி கிளம்ப நாள் குறித்தாயிற்று. புதன்கிழமை மூன்று மணிக்குக் கார், வியாழன் விடியற்காலை சென்னையில் விமானம். அப்பாவுக்குப் புதன் ஆஃப், வியாழன் காலை ஆறு மணிக்கே ஷிப்ட். மற்ற லீவையெல்லாம் என் பாஸ்போர்ட், விசா என்று அலைந்தே தீர்த்திருந்தார். வாசலில் நின்று அனுப்பலாம், ஏர்போர்ட்டுக்கு வர முடியாது. வியாழன் ஆஃப் உள்ளவர் யாரையாவது தோற்கடித்து அந்த வியாழனை ஜெயிப்பதற்காக அடுத்த தெருவுக்குப் போனார்.

கேட்டிருந்தால் யாராவது அவருக்காக ஒரு ஷிப்ட் போயிருப்பார்கள். எங்கள் அப்பாவுக்கு வாய்விட்டுக் கேட்கிற வழக்கமே கிடையாது. தோற்றாலும் பரவாயில்லை என்கிற பொருளைத்தான் பந்தயத்தில் வைக்கலாம் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. ராஜா ஜோடி வந்ததும் முந்திரியில் ஜெயித்த தைரியத்தில் புதன்கிழமையை வைத்தார். எல்லாரும் ஒதுங்கினார்கள், ஒருவர் மட்டும் ஒதுங்கவில்லை. அவரிடம் மூன்று ஏழு இருந்தது, எந்த ஜோடியையும் அது அடித்துவிடும்.

விஷயம் தெரிந்து, ஜெயித்த அந்த மனிதர் மறுநாளே வீட்டுக்கு வந்துவிட்டார். "சொல்லியிருந்தா சும்மாவே போயிருப்பேனே. புதன் என் ஷிப்ட், வியாழன் உங்க ஷிப்ட், ரெண்டும் நான் பாத்துக்கறேன், பொண்ணுகூட போய்ட்டு வாங்க" என்றார்.

அப்பா தரையைப் பார்த்துக்கொண்டு, "தோத்தது தோத்ததுதாங்க" என்றார்.

எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சம் இல்லை. இந்த வறட்டு கௌரவத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று கத்தினேன். அம்மா அழுதாள். அவர் அசையவில்லை. அந்த மனிதர் டீயைக்கூடக் குடிக்காமல் எழுந்து போனார்.

ஜெயித்தவருக்குப் புதன்கிழமை இரண்டாவது ஷிப்ட், மத்தியானம் இரண்டு மணிக்கு. ஒரு மணிக்கு அப்பா சாப்பிட்டு முடித்து யூனிபார்ம் மாட்டிக்கொண்டார். என் பெட்டிகள் முன்னறையில் கட்டித் தயாராக இருந்தன. அவற்றைத் தாண்டி வெளியே வந்து ஸ்கூட்டரில் உட்கார்ந்தார், ஆனால் கிளப்பவில்லை. நான் பக்கத்தில் போய் நின்றேன். கோபம் போய் வெறும் துக்கம்தான் மிச்சம் இருந்தது.

"ஏம்ப்பா, இருந்த ஒரு நாளையும் கொண்டுபோய் வச்ச?" என்று கேட்டேன்.

"ஒரு நாள் பத்தலம்மா" என்றார்.

என் தலையில் ஒருமுறை கை வைத்துவிட்டு வண்டியைக் கிளப்பினார். என்னை வழியனுப்ப வேண்டியவரை நான் வாசலில் நின்று வழியனுப்பினேன்.