சூளை வாசலில் சீரகத் தண்ணீர்

எனக்கு எழுபத்தெட்டு வயது. ஐந்து பிள்ளைகளை யார் தயவுமின்றி வளர்த்தவள். இன்று பெரியவன் நெஞ்சைத் தடவிக்கொண்டே சீரகம் கொதிக்கவைத்தான். அந்த வாசனை என்னை மேனாம்பேட்டுச் செங்கல் சூளைக்கு இழுத்துப்போனது. இன்று அடுக்குமாடி நிற்கிற இடத்தில்தான் எங்கள் குடிசை, அம்மா வாய்க்கால் ஓரம் மணத்தக்காளிக் கீரை கிள்ளுவாள், சூளைப் புகையோடு சீரகத் தண்ணீர் மணக்கும், நைனா வேலை முடிந்து வந்து அதைக் குடித்து ஏப்பம் விட்டு, "எரிச்சல் அடங்கிச்சு பாரு, டாக்டரு இன்னாத்துக்கு?" என்பார்.

அடங்கியது உண்மைதான். வயிற்றுக்குள் புண் ஆறவில்லை. ஒரு காலை ரத்தமாக வாந்தியெடுத்துச் செத்துப்போனார். அம்மா கையில் சொம்பு சூடாகவே இருந்தது.

"பாட்டி சொன்னதெல்லாம் எய்திட்டியா கண்ணு? உங்கப்பன் காதுல உழுற மாதிரி சத்தமா படி."