இந்த ஊர்தானா நீ?

புயல் அடித்த மூன்றாம் நாள், சேதம் எழுத அதிகாரி வந்தார். மீனவக் குப்பத்துப் பெண்களோடு நானும் வரிசையில் நின்றேன். அவர்கள் மீனவர், நாங்கள் இருளர். ஏரிக்கரைப் புறம்போக்கில் இருந்த என் குடிசை மண்ணோடு படுத்துவிட்டது.

“படகு, வலை என்ன போச்சு?” என்றார்.

“அதெல்லாம் இல்ல சார். ஏரியில கையால தடவி எறா புடிக்கிறேன். வீடுதான் போச்சு.”

“பட்டா இருக்கா?”

“இல்ல சார்.”

“இந்த ஊர்தானா நீ?”

பக்கத்தில் நின்றவள் பத்து வருடமாக என்னிடம் இறால் வாங்கிப் பழவேற்காட்டில் விற்பவள். அவள் சொல்வாள் என்று முகத்தைப் பார்த்தேன். ஏரிப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அதிகாரி அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

குப்பத்துக்கு அரிசியும் தார்ப்பாயும் வந்தன. நான் பழைய சேலைகளைக் கூரையாகக் கட்டிக்கொண்டேன். புருஷன் செத்தபோதுகூட அவ்வளவு தனியாகிவிட்டதாக எனக்குத் தோன்றியதில்லை.

பத்து நாள் கழித்து அவள் வந்தாள். “இன்னாமே, எறா கீதா?”

ஓலைப் பறி நிறைய இறால் இருந்தது. “இல்ல” என்றேன்.

அன்று நானே பறியைத் தூக்கிக்கொண்டு விற்கப் பொன்னேரிக்கு பஸ் ஏறினேன். வண்டியில் நல்ல கூட்டம். ஆனாலும் என் பக்கத்து சீட்டில் கடைசிவரை யாரும் உட்காரவில்லை.