அக்காவின் எழுத்தும் ஐந்தாவது கட்டும்

அக்காவின் முதலாம் ஆண்டு நினைவு நாளுக்கு வந்திருக்கும் சொந்தங்களுக்கும் நண்பர்களுக்கும் தம்பியின் வணக்கம். அக்காவைப் புகழ்ந்து எழுதச் சொன்னார்கள். புகழ நிறைய இருக்கிறது. கூடவே என் குற்றம் ஒன்றையும் சொல்லியாக வேண்டும்.

குண்டடத்தில் பிறந்த அக்கா, அப்பா இறந்தபின் என்னைப் படிக்க வைக்கத் திருப்பூருக்கு வந்து, பனியன் லேபிளுக்கு எழுத்து வரையும் வேலையில் சேர்ந்தார். கம்ப்யூட்டரில் தமிழ் எழுத்துருக்களை விரல்விட்டு எண்ணிவிடலாம் என்றிருந்த காலத்தில், தாமே கற்றுப் புதியவற்றை வடிவமைத்தார்.

வரைந்ததை அச்சடித்து, நனைத்து, துணிக்குச் சாயமேற்றும் டையிங் பட்டறை ஆவியில் தொங்கவிட்டு, பத்தடி தள்ளி நின்று படித்துப் பார்ப்பார். "ஈரக் கையோட அவசரத்துல இருக்கறவங்க படிக்கோணும் கண்ணு. எழுத்துக்குள்ள இருக்கற வெள்ளை அடைஞ்சு போச்சுன்னா எழுத்தே செத்துப் போச்சு" என்பார்.

ஆசிட் கேன்களில் ஒட்டும், தண்ணீர் ஊற்றக் கூடாது என்ற எச்சரிக்கை ஸ்டிக்கர், படித்து முடித்து நான் தொடங்கிய அச்சகத்துக்கு வந்தது. எழுத்து அக்காவுடையது. இடம் போதாமல் பக்கவாட்டில் நசுக்கினேன்.

"நசுக்காத கண்ணு. ஸ்டிக்கரைப் பெருசு பண்ணு."

"அட, யாருக்கா அதையெல்லாம் உத்துப் பாக்கறாங்க, விடுங்க!"

ஐந்து கட்டு அச்சடித்துக் கொடுத்தேன். மறுமாதம் ஒரு பட்டறையில், திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்த செல்வி, தண்ணீர் ஊற்றக் கூடாத கேனில் தண்ணீரை ஊற்றிவிட்டார். இரண்டு கைகளும் வெந்துபோயின. "ஸ்டிக்கர் எழுத்து கறுப்பா ஒரு கோடு மாதிரிதான் தெரிஞ்சுது அண்ணாச்சி" என்றார்.

அக்கா என்னைத் திட்டவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. இதயம் பலவீனப்பட்டிருந்தும் அவிநாசிபாளையம், வெள்ளகோவில் என்று பட்டறை பட்டறையாகப் போய் ஸ்டிக்கர்களைக் கிழித்து வந்தார். நான்கு கட்டுகள் திரும்பின.

கடைசி மாலை, ஆஸ்பத்திரியில், "அஞ்சாவது கட்டு கெடைச்சுதா கண்ணு?" என்று கேட்டார்.

"கெடைச்சுதுங்க அக்கா."

"எடுத்துட்டு வா, பாக்கறேன்."

அது கிடைக்கவே இல்லை. விடிவதற்குள் அக்கா போய்விட்டார். அந்தப் பொய்யோடுதான் ஒரு வருடமாகச் சோறு தின்கிறேன்.

அக்காவைக் கவனித்துக்கொண்ட மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும், கூட இருந்த அண்டை வீட்டாருக்கும், வெந்த கைகளால் அக்காவுக்குப் பூப்போட்ட செல்விக்கும் நன்றி. இந்த நினைவு மலர் அக்காவின் எழுத்தில், நசுக்காமல் அச்சானது. அதனால் இரண்டு பக்கம் கூடியிருக்கிறது.

ஐந்தாவது கட்டு இன்னும் வெளியேதான் இருக்கிறது. மஞ்சள் ஸ்டிக்கர். பட்டறை வைத்திருப்பவர்கள் படத்துக்குப் பூப்போடுவது இருக்கட்டும்; முதலில் பட்டறைக்கு ஒரு போன் போடுங்கள். இந்நேரம் அங்கே யாராவது தண்ணீர்க் குடத்தைத் தூக்கிக்கொண்டிருக்கலாம்.